டேலி ஆகாத பைசா

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி கேஷியர் சார், 36 வருஷம் வங்கிக் கூண்டுக்குள் நோட்டு எண்ணியவர். ரிடையர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், காசி போவார்கள், மிஞ்சினால் ஹோமியோபதி. சார் பைத்தானில் இறங்கிவிட்டார். பாம்பு இல்லை, 1991-இல் வெளிவந்த கம்ப்யூட்டர் மொழி. பேத்தி விட்டுப்போன லேப்டாப், நாலு கலர் பேனா, 200 பக்க லெட்ஜர் ஒன்று. புரோகிராமை முதலில் லெட்ஜரில் எழுதி, அடியில் இனிஷியல் போட்டு, அப்புறம்தான் தட்டுவார்.

முதல் வாரம் முழுக்க எர்ரர். ஒரு வரியில் கோலன் விட்டுப்போச்சு, அடுத்ததில் இடதுபக்க இடைவெளி சரியில்லை. "எத்தனை பேர் ஸ்லிப்பைக் கையெழுத்து ஒத்துவரலைன்னு திருப்பி அனுப்பியிருப்பீங்க, இப்ப அனுபவிங்க" என்றார் மாமி, கீரை ஆய்ந்தபடி.

இரண்டாம் வாரம் செலவுக் கணக்கு. பால் 40, கீரை 15 என்று தட்டினார். 4015 என்று வந்தது. சார் ஓடிவந்து என் கதவைத் தட்டினார். "கூட்டச் சொன்னா ஒட்டி வச்சிருக்கான் சார்!" நாம் தட்டுவதை அது வெறும் எழுத்தாகத்தான் வாங்கும், எண்ணாக மாற்றச் சொல்லித் தனியாக ஆணையிட வேண்டும் என்றேன். எழுத்தால் எழுது, எண்ணால் எழுது என்று சலானோடு மல்லுக்கட்டிய மனுஷன், சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆனால் 1 முதல் 30 வரை என்று ரேஞ்ச் கொடுத்தால் 29-லேயே நின்றுவிடும் என்பதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. "ஒரு நாள் வட்டி போச்சே!"

இதெல்லாம் சில்லறை. போன வியாழக்கிழமை பத்து பைசாவையும் இருபது பைசாவையும் ரூபாய்க் கணக்கில் கூட்டிப் பார்த்திருக்கிறார்: 0.1, 0.2. விடை 0.30000000000000004.

சார் வியர்த்துவிட்டார். திரையில் ஆள்காட்டி விரலை வைத்து, பழக்கதோஷத்தில் அதை நாக்கில் தொட்டுத் தொட்டு, நடுவில் உள்ள பூஜ்யங்களை எண்ணினார். 15. மறுபடி எண்ணினார். 15-தான். ஒரு பைசா உதைத்தாலும் ராத்திரி பத்து மணி வரை வீட்டுக்குப் போகாத பரம்பரை அது. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது.

பேத்தி போனில் பொறுமையாகச் சொன்னாள். "அதுக்குத் தெரிஞ்சது 0, 1 ரெண்டே இலக்கம்தான் தாத்தா. நமக்கு ஒண்ணை மூணால வகுத்தா 0.333-ன்னு முடியாமப் போகுதில்ல? அதுக்கு உங்க பத்து பைசாவே அப்படித்தான். ஒரு இடத்துல வெட்டிரும்."

"வெட்டின மிச்சம் யார் கணக்குல போகுது?"

அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலை லெட்ஜரோடு வந்து நின்றார். தேதி போட்டு, சிவப்பு மையில் அந்த வித்தியாசத்தை ஒரு பூஜ்யம் பிசகாமல் எழுதி, எதிரே 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று பதிந்திருந்தார்.

"நீங்கதானே சார் அசோசியேஷன் ட்ரெஷரர்? கவுண்டர்சைன் வேணும்."

போட்டேன். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டுதான் போனார்.