அரண்மனை ஒரு மாநிலம், ஆட்சி ஒரு மாநிலம்

கேள்வி: எங்கள் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் அரண்மனைகூடக் கிடையாதா?
– வாசகர், ஆவடி

பதில்: 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம்தான் லட்சியம் என்று தீர்மானம் போட்டது உங்கள் ஆவடியில்தான். அங்கே போய் அரண்மனை கேட்கிறீர்களே! உங்கள் ஊரில் டாங்கி கிடைக்கும். அரண்மனைக்கு நாகர்கோவிலுக்கு ரயிலேறி, அங்கிருந்து தக்கலை அருகே பத்மநாபபுரத்துக்குப் போங்கள்.

திருவிதாங்கூரின் பழைய தலைநகர் அது. குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்களை மண்ணைக் கவ்வ வைத்த மார்த்தாண்ட வர்மா, 1750-இல் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தாசனாக இருந்து ஆண்டார். அவர் கட்டிய நான்கடுக்கு மாளிகையில் அடியில் கருவூலம், நடுவில் ராஜா, உச்சி அறை சாமிக்கு. வீட்டுக்காரர் மாடியில், குடித்தனக்காரர் கீழே! ஆனால் அட்வான்ஸ் கேட்டதாகத் தகவல் இல்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கறுப்புத் தரை இன்னும் பளபளக்கிறது. நம் ஃபிளாட் டைல்ஸைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பிறகு தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது; அரண்மனை மியூசியமானது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் நம் பக்கம் வந்தது. அரண்மனை நிர்வாகம் மட்டும் வரவில்லை. இன்றும் அது கேரளத் தொல்லியல் துறையிடம்தான். தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசிடம் டிக்கெட் வாங்குவீர்கள்.

திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். விடுமுறை.