பாட்டுடைத் தலைவர்களுக்குப் பஞ்சமில்லை

1974இல் மெக்சிகோ முழுக்க ரேடியோவில் ஒரு பெண் தன் காதலனை ஏழு முறை சுட்டுக் கொன்றுகொண்டிருந்தாள். பெயர் கமேலியா. இருவருமாக டிஜுவானாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு, கார் டயருக்குள் கஞ்சாவை அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சரக்கு கைமாறிப் பணம் வந்ததும் காதலன் வாயைத் திறந்தான்: அவரவர் பங்கைப் பிரித்துக்கொண்டு பிரிவோம், சான்பிரான்சிஸ்கோவில் என் உயிருக்குயிரானவள் காத்திருக்கிறாள் என்றான். சமயோசிதம் உள்ளவன் இந்தச் சேதியைத் தபாலில் சொல்லியிருப்பான். போலீஸுக்குக் கிடைத்தது துப்பாக்கி மட்டும்தான்.

கமேலியா கற்பனைப் பெண். ஆனாலும் அவளை வைத்து சினிமா எடுத்தார்கள், பிற்பாடு ஓபராவே எழுதினார்கள். அவள் கதையைப் பாட்டாகப் பாடியவர்கள் லோஸ் டிக்ரெஸ் டெல் நோர்தே, அதாவது வடக்கின் புலிகள். சினலோவா மாநிலத்துப் பட்டிக்காட்டுப் பையன்கள். 1960களின் கடைசியில் கச்சேரிக்காக எல்லையைத் தாண்டியபோது, அமெரிக்கக் குடிவரவு அதிகாரி ஒருவர் அவர்களைக் குட்டிப் புலிகள் என்று அழைத்தாராம். எல்லை தாண்டும் கடத்தலைப் பாடிப் பெரிய ஆளானவர்களுக்கு எல்லைக் காவலரே பெயர் சூட்டிய பெருமை வேறெந்த நாட்டு இசை வரலாற்றுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இவர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கொரிடோ என்ற கதைப்பாட்டு மெக்சிகோ புரட்சிக் காலத்திலேயே ஊரூராகச் சேதி சொன்னது. புரட்சித் தளபதி பாஞ்சோ வியாவின் குதிரைக்குக்கூடப் பாட்டு உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் டெக்கீலா கடத்தியவர்கள் பாட்டுக்குள் புகுந்தார்கள். அப்புறம் கஞ்சா, அபின், கோக்கெய்ன். பாட்டுடைத் தலைவர்கள் மாறினார்களே தவிர, ஜெர்மன் குடியேறிகள் கொண்டுவந்த அகார்டியனும் போல்கா தாளமும் மாறவில்லை. தூரத்தில் கேட்டால் கல்யாணக் கச்சேரி. கிட்டே போய் வரிகளைக் கேட்டால் பிரேதப் பரிசோதனை அறிக்கை.

இந்தத் தொழிலின் பெரும்புலவர் சலீனோ சாஞ்செஸ். 1960இல் சினலோவாவில் பிறந்தவர். அக்காளைப் பலாத்காரம் செய்தவனைப் பதினைந்து வயதில் சுட்டுக்கொன்றுவிட்டு அமெரிக்காவுக்கு ஓடியவர் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. 1984இல் அண்ணனை டிஜுவானாவில் யாரோ கொன்றுவிட, அவனுக்காக எழுதியது முதல் பாட்டு. பிறகு சிறைக்குப் போனார். அங்கேதான் தொழில் சூடு பிடித்தது. பாட்டில் வாழ ஆசைப்பட்ட கைதிகளுக்கு ஆளுக்கொன்றாக எழுதிக் கொடுத்தார். பரிசிலாகக் காசு வரும். காசில்லாதவன் கைக்கடிகாரமோ துப்பாக்கியோ தருவான். யானையும் தேரும்தான் பாக்கி.

வெளியே வந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிநாடா போட்டுச் சந்தைகளில் விற்றார். குரல் மூக்கால் வரும், சுருதி தன் இஷ்டத்துக்கு அலையும். நான் பாடுவதில்லை, குரைக்கிறேன் என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். மேடையில் தலையில் சாய்ந்த தொப்பி, இடுப்பில் பிஸ்டல். அலங்காரம் என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

1992 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லாவில் தெளிந்தது. ஒருவன் மேடையேறிச் சுட்டான். காயம்பட்ட பாடகர் தன் பிஸ்டலை எடுத்துத் திருப்பிச் சுட்டார். கேட்க வந்தவர்களில் ஒருவர் உயிர் போயிற்று. இதன் பலன் என்ன தெரியுமா? ஒலிநாடா விற்பனை எகிறியது. எழுதியதை வாழ்ந்து காட்டும் கவிஞன் என்றால் ஜனங்களுக்கு அப்படியொரு மரியாதை.

அதே ஆண்டு மே மாதம் சொந்த மாநிலத் தலைநகரான குலியகானில் கச்சேரி. பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சீட்டு வந்தது. படித்தார், வியர்வையைத் துடைத்தார், கசக்கினார், மேலே பாடினார். அப்போது பாடியது காதல் பாட்டு. திரும்பும் வழியில் போலீஸ் அடையாள அட்டையைக் காட்டிய ஆட்கள் காரை மறித்து அவரை அழைத்துப் போனார்கள்; மறுநாள் காலை வாய்க்கால் ஓரத்தில் உடல் கிடந்தது. சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று யூடியூபில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. அவர் போன சில வருஷங்களிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க அவரைப் போல மூக்கால் பாடும் பிள்ளைகள் முளைத்தார்கள்.

அரசாங்கம் சும்மா இருந்ததா? இல்லை, விளம்பர இலாகாவை நடத்தியது. 2011இல் சினலோவா ஆளுநர் மதுக்கடைகளில் இந்தப் பாட்டுகளுக்குத் தடை போட்டார். 2013இல் உச்ச நீதிமன்றம் தடையைத் தூக்கிக் கடாசியது. சிவாவா நகரம் புலிகளையே தடுத்தது. இடையில் குட்டிகள் வளர்ந்தன. 2023இல் பெசோ ப்ளூமா என்ற இளைஞர் பாடிய பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் பிடித்தது. அந்த அக்டோபரில் அவர் டிஜுவானாவில் பாடவிருந்தார். பாடினால் அதுவே கடைசிக் கச்சேரி என்று, போதைக் கும்பலின் பெயர் போட்ட பேனர் தொங்கியது. நிகழ்ச்சி ரத்து. அடுத்த மாதமே நகர மன்றம் இவ்வகைப் பாட்டுக்குத் தடை விதித்தது. அபராதம் 12 லட்சம் பெசோ வரை. அந்த ஊரில் கும்பலும் கவுன்சிலர்களும் ஒரே கருத்துக்கு வந்தது இசை விமர்சனத்தில்தான்.

2025 மார்ச்சில் குவாதலஹாரா அருகே ஒரு குழு, பாட்டுக்குப் பின்னணியாகக் கும்பல் தலைவரின் படத்தைத் திரையில் போட, அமெரிக்கா அவர்கள் விசாவைப் பறித்தது. மெக்சிகோ அதிபர் ஷெயின்பாம் தடை வேண்டாம் என்று சொல்லி, வன்முறை இல்லாத பாட்டுக்குப் போட்டி அறிவித்தார். அந்த ஏப்ரலில் தெஸ்கோகோ திருவிழாவில் லூயிஸ் ஆர். கொன்ரிகெஸ் மேடையேறி, அரசின் கட்டுப்பாட்டால் இன்று கும்பல் பாட்டு கிடையாது என்றார். ஜனங்கள் பீரை வீசினார்கள், நாற்காலியை வீசினார்கள், மேடையேறி வாத்தியங்களை உடைத்தார்கள். அன்றிரவு அந்தப் பாடகர் மட்டும் கட்டுப்பாட்டை முழுசாக மதித்தார் என்பதையும் குறித்துவைப்போம்.