வாழ்நாள் முழுக்க இலவசம்*

குற்றாலத்தில் நின்றுகொண்டு அந்தரங்கம் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஜூனில் சாரல் கட்டிவிட்டால் பேரருவிக்குக் கீழே கலெக்டரும் கண்டக்டரும் ஒரே துண்டுக் கோலத்தில்தான் நிற்பார்கள். யார் தொப்பை யார் முதுகில் இடிக்கிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆனாலும் அங்கே ஒருவரும் என்னிடம், "அண்ணாச்சி, சம்பளம் பிடித்தம் போக எவ்வளவு வருது?" என்று கேட்டதில்லை. அதற்கு கிரெடிட் கார்டுக்காரர்கள்தான் வரவேண்டியிருந்தது.

காலை எட்டு மணி. எண்ணெய் தேய்க்கிறவர் என் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். போன் அடித்தது.

"சார், உங்க சிபில் ஸ்கோர் ரொம்ப அருமையா இருக்கு!"

வீட்டில் யாரும் என்னை அருமை என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன். அந்தப் பெண்ணுக்கு என் வேலை தெரிந்திருந்தது, தெரு தெரிந்திருந்தது, தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கியதும் தெரிந்திருந்தது. நம்பர் எப்படிக் கிடைத்தது என்றேன். "சிஸ்டத்துல வந்துச்சு சார்."

எண்ணெய்க்காரர் கேட்டார்: "யாரு அண்ணாச்சி, பேங்கா? கடனைக் கேக்காவளா?"

"இல்லவே, கடன் தாரேங்காவ."

"அப்ப மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நம் ஊரில் அதற்குள் ஜவுளிக்கடை குலுக்கல் பெட்டியில் பேர், செல் நம்பர், கல்யாண நாள் எல்லாம் மடித்துப் போட்டாகிவிட்டது. கார் யாருக்கோ விழுந்தது. அழைப்பு மட்டும் எல்லாருக்கும் விழுகிறது.

அந்தப் பெண் விடவில்லை. "வாழ்நாள் முழுக்க இலவசம் சார். ஏர்போர்ட் லவுஞ்சுல சாப்பாடும் ஃப்ரீ!" தென்காசிக்காரன் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வாகைக்குளத்துக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். நமக்கு வாய்த்தது பொதிகை எக்ஸ்பிரஸ்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. 'இலவசம்' தமிழில், தாம்பாள அளவில். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தின் விளக்கம் கீழே ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. வருஷத்துக்கு இவ்வளவு செலவழித்தால்தான் இலவசமாம். பார்டர் கடையில் பரோட்டாவுக்குச் சால்னா இலவசம் என்றால் இலவசம்தான், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். 'ஆண்டுக்கு ஆயிரம் பரோட்டா தின்பவருக்கு மட்டும்' என்று சால்னா வாளியில் எழுதியிருந்தால் கடை நிலைக்குமா? 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது: எந்த மொழியில் ஆசை காட்டினாயோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையையும் சொல்.

வட்டி? மாதம் மூன்றரை சதவீதம் என்றால் சுண்டைக்காய் மாதிரி இருக்கும். வருஷத்துக்குப் பெருக்கினால் 42. கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் உண்டு. இவர்கள் ரிவார்டு பாயிண்ட் சேர்த்துத் தருவதால் கௌரவமாகிவிட்டது.

என்னைப் பற்றி அத்தனையும் அறிந்த அந்தப் பெண்ணுக்கு ரிசர்வ் வங்கியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. 2022 ஏப்ரலில் வந்த விதிகள் ரொம்பத் தெளிவு. கார்டு விற்கிறவர்கள் காலை 10 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் அழைக்கக் கூடாது. ஆண்டுக் கட்டணத்தை எவ்வளவு எடுப்பாகக் காட்டுகிறார்களோ, ஆண்டு வட்டியையும் அவ்வளவு எடுப்பாகக் காட்ட வேண்டும். கேட்காத கார்டைத் தலையில் கட்டிப் பில்லும் போட்டால், அந்தப் பில் தொகையைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் கட்ட வேண்டும். பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் தினம் 500 ரூபாய் நமக்கு.

ஆகவே, எட்டு மணி அழைப்பு வந்தால் கோபப்படாதீர்கள். நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, முதலில் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. நட்சத்திரக் குறியும் கிடையாது.