எண்சாண் உடம்பில் ஒரு சாண் ஹெல்மெட்

எங்கள் வீட்டில் ஹெல்மெட் போடுகிற ஒரே ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உட்காரவே இப்போதுதான் பழகுகிறான். ஆனால் நாளொன்றுக்கு 23 மணி நேரம் அதைக் கழற்றக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் அவன் குளிக்க வேண்டும், ஹெல்மெட் துடைபட்டுக் காய வேண்டும், பார்க்க வருகிறவர்கள் அவன் மண்டையைத் தடவிப் பார்த்துக் கருத்துச் சொல்லி முடிக்க வேண்டும்.

வீடியோ காலில் வந்த மதுரைப் பெரியப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. 2015 ஜூலையில் நீதிமன்ற உத்தரவுப்படி தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானபோது, அதைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவர் அவர்.

"ஏம்ப்பா, அமெரிக்காவுல தொட்டில்ல படுக்கவும் ஹெல்மெட் கேக்குறானா? போடலைன்னா அபராதமா?"

"இல்ல பெரியப்பா, போட்டாத்தான் அபராதம்" என்று விலையைச் சொன்னேன். இந்த ஊரில் இத்தகைய ஹெல்மெட் 1,500 டாலரிலிருந்து 4,000 டாலர் வரை போகும். அவர் மனக்கணக்காக ரூபாய்க்கு மாற்றினார். "அந்தக் காசுக்கு ஒரு புல்லட்டே வாங்கியிருக்கலாமேப்பா. ஹெல்மெட்டைக் கூடவே ஓசியில கொடுத்திருப்பான்."

விஷயம் இதுதான். 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், கைக்குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்காதீர்கள் என்று சொன்னது. 1994இல் அது நாடு தழுவிய பிரசாரமாயிற்று. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது அதன்பின் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மல்லாந்தே தூங்கிய அந்தத் தலைமுறையில் பலருக்குப் பின்மண்டை தட்டையானது. உயிர் பிழைத்ததற்கு இந்தச் சில்லறையைக் கொடுக்க எந்தப் பெற்றோரும் யோசிக்கமாட்டார்கள்.

எங்கள் பயலுக்குக் கழுத்துத் தசையும் ஒரு பக்கம் இறுகியிருந்தது. டார்ட்டிகாலிஸ் என்றார்கள். அதனால் எந்நேரமும் வலப்பக்கமே பார்ப்பான். வலப்பக்கம் இருந்தது வெறும் சுவர். இடப்பக்கம் நாங்கள் இருந்தோம், கிலுகிலுப்பை இருந்தது, ஜன்னலில் அணிலும் வந்து போனது. அவன் சுவரையே விரும்பினான். கழுத்துக்குப் பிசியோதெரபி செய்தோம். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டோம். தொட்டிலில் தலைமாட்டைக் கால்மாடாக்கினோம். மண்டையின் வலப் பின்புறம் தட்டையானது தட்டையானதுதான்.

இந்த நிலவரத்தில் திருநெல்வேலியிலிருந்து என் மாமியார் ஆறு மாத விசாவில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது, அவரே கையால் தைத்த கடுகுத் தலையணை.

"இதுல படுக்கப்போட்டா மண்டை உருண்டு திரண்டு வந்திரும்லா. ஹெல்மெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கைக்குழந்தையின் தொட்டிலுக்குள் எந்தத் தலையணையும் ஆகாது, மூச்சு அடைபடும் என்பது இங்கே டாக்டர்களின் கண்டிப்பான விதி. என் மனைவி அதை எடுத்துச் சொன்னதும் அத்தை தலையணையை மடக்கி வைத்தார். பிறகு என் பின்பக்கமாக வந்து நின்று, சற்று நேரம் எதையோ பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கும் பின்மண்டை கொஞ்சம் அப்படித்தான்ட்டீ இருக்கு. சின்னதுல அவுக வீட்டுல பிடிச்சுவிட ஆள் இல்ல போல."

தலையணை பிரிக்கப்பட்டு வெகுநாள் எங்கள் ரசத்தைத் தாளித்தது.

அடுத்தது இன்சூரன்ஸ். அவர்களைப் பொறுத்தவரை மண்டை என்பது ஒரு கழித்தல் கணக்கு. தலையைக் குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களாக அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் "இது அழகு சம்பந்தப்பட்டது" என்று கடிதம் வரும். அதிகமாக இருந்தால்தான் அது மருத்துவத் தேவை. பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற குலதெய்வத்திடமே, இன்னும் இரண்டு மில்லிமீட்டர் கோணலாக இருக்கட்டும் தாயே என்றும் வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. தாய் மனமிரங்கினாள். கோணல் தேறியது.

இந்த வைத்தியம் நேற்று முளைத்ததல்ல. 1979லேயே சியாட்டிலில் ஸ்டெர்லிங் கிளாரன் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் கோணல் தலைக்கு ஹெல்மெட் போட்டுப் பார்த்து ஆய்விதழில் எழுதினார்கள். 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை முறையான மருத்துவச் சாதனமாக வகைப்படுத்தி, 3 மாதம் முதல் 18 மாதம் வரையான குழந்தைகளுக்கு என்று வரையறுத்தது. முன்பெல்லாம் அளவெடுக்கத் தலையில் மாவுக்கட்டு போடுவார்களாம். இப்போது கேமராவே அளந்துவிடுகிறது. முடி படிந்திருக்க வேண்டுமென்று நைலான் துணித் தொப்பி ஒன்றை மாட்டி, முகம் மட்டும் தெரியவிட்டுப் படம் பிடித்தார்கள். பயல் அன்று பார்வைக்கு வங்கிக் கொள்ளைக்காரனாக இருந்தான்.

எந்தச் சித்திரம் போட்ட ஹெல்மெட் வேண்டும் என்று கேட்டார்கள். பூ, ராக்கெட், டைனோசர் என்று பட்டியல் நீளமாக இருந்தது. அதை வைத்து வீட்டில் நடந்த விவாதம் எங்கள் கல்யாணப் பட்டுக்கு நடந்ததைவிட நீளம். டைனோசர் ஜெயித்தது. நெற்றி மறைந்துவிடுவதால் திருஷ்டிப் பொட்டை எங்கே வைப்பது என்று அத்தை கவலைப்பட்டு, கடைசியில் டைனோசரின் கன்னத்திலேயே மையைத் தீட்டினார். அடுத்த முறை போனபோது, ஹெல்மெட்காரர் அதை ஏதோ அழுக்கென்று நினைத்து ஆல்கஹால் போட்டுத் தேய்த்தார். அத்தை பதறிப்போய், வீட்டுக்கு வந்ததும் மிளகாய் சுற்றிப்போட்டார். புகை அலாரம் அலறியது.

இவ்வளவும் கடந்துதான் உண்மையான கவலை தொடங்கியது. ஹெல்மெட் பொருந்தவில்லையோ என்று ஒரு சந்தேகம்.

ராத்திரி தூங்கப் போடும்போது டைனோசர் நெற்றிக்கு நேராக இருக்கும். விடிகாலையில் அது இடக் காதைத் தின்னப் போயிருக்கும். பால் குடிக்கும்போது ஹெல்மெட் புருவத்துக்கு இறங்கும். வலப் பின்புறத்தில் என் விரல் தாராளமாக உள்ளே போகிறது. இடக் காதுக்குப் பின்னாலோ ஒரு சிவப்புத் தடம். ஒரே ஹெல்மெட் ஒரு பக்கம் தொளதொளப்பு, இன்னொரு பக்கம் இறுக்கம். அதன் வாசனையைப் பற்றி நாகரிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டெக்சாஸ் வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதத்தில், உள்ளே நுரைப் பஞ்சு வைத்த பிளாஸ்டிக்கைத் தலையில் கவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

எங்கள் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்கு எத்தனை பார்ப்பது என்று இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. கையில் கொடுத்த தாளில் ஒரு விதி இருந்தது. கழற்றியதும் தெரியும் சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டாலோ, தோல் உரிந்தாலோ, கொப்புளித்தாலோ உடனே கூப்பிட வேண்டும். ஆகவே தினமும் குளிக்கும் வேளை வந்தால் நான் கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிடுவேன், மனைவி டார்ச் அடித்துக் காதோரத்தைப் பார்ப்பாள், அத்தை தேங்காய் எண்ணெய்யோடு தயாராக நிற்பார். எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் ஹெல்மெட்டுக்குள் கூடாது என்பது தாளின் அடுத்த விதி. எண்ணெய் படாத குழந்தைத் தலையைப் பார்ப்பது அத்தைக்குப் பெரிய மனவேதனை.

"ஏங்க, இது நேத்தைவிட சிவப்பா இருக்கா, கம்மியா இருக்கா?"

"நேத்து டார்ச் வெளிச்சம் மஞ்சளா இருந்துச்சு. இன்னைக்கு வெள்ளை. எப்படிச் சொல்றது?"

"உங்களைக் கேட்டேன் பாருங்க."

கிளினிக்குக்குப் போன் போட்டால், முன்னால், பின்னால், இரண்டு பக்கம், உச்சி என்று படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். பயல் கைப்பேசியை வாயில் வைத்துக் கடிக்கப் பார்ப்பான். அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை அவனுடைய அண்ணத்தைக் காட்டின. நேரில் வாருங்கள் என்றார்கள்.

அங்கே போய் உட்கார்ந்ததும் ஹெல்மெட் பரம சாதுவாகிவிட்டது. டைனோசர் நடு நெற்றியில் கம்பீரமாக நிற்கிறது. பயலும் சிரிக்கிறான். ஹெல்மெட்டைச் செய்து தரும் ஆர்த்தோடிஸ்ட், வாரம் பூராவும் இப்படிப்பட்ட பெற்றோரைப் பார்த்துப் பழகிய பொறுமையுடன் எங்களைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் புள்ளிவிவரத்தோடு விளக்க ஆரம்பித்தேன். அத்தை காத்திருக்கவில்லை. எழுந்து போய் ஒற்றை விரலை ஹெல்மெட்டின் ஓரத்தில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். டைனோசர் நேராகக் காதுக்குப் போய் நின்றது.

"இங்கன இறுக்குது, இங்கன தொளதொளன்னு கெடக்கு. பாக்கியளா மாப்பிள்ளை? சொல்லுங்க அவருட்ட."

நான் மொழிபெயர்க்கும் முன்பே அவர் பேனாவை எடுத்து, அத்தை விரல் வைத்த இடங்களில் அடையாளம் போட்டுவிட்டார்.

அவர் சொன்ன விளக்கத்தில் எங்கள் பாதிப் பயம் தீர்ந்தது. தட்டையான இடத்துக்கு நேராக ஹெல்மெட்டுக்குள் காலி இடம் இருக்கத்தான் வேண்டும். அது வேண்டுமென்றே விட்டது. புடைத்த பக்கத்தைப் பஞ்சு தொட்டுக்கொண்டு நிற்கும், வளர்கிற மண்டை காலியான பக்கத்தில் போய் நிறையும். பானைக்குள் பிஞ்சை விட்டு வளர்த்த பூசணிக்காய், பானையின் உருவத்தில் வந்து நிற்குமே, அந்த வித்தைதான். ஹெல்மெட் எதையும் நசுக்குவதில்லை. பிறந்த முதல் வருடத்தில் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 12 செ.மீ. கூடுகிறது. வேலையைச் செய்வது அந்த வளர்ச்சிதான், ஹெல்மெட் வழி மட்டும் காட்டுகிறது.

ஆனால் அது சுழல்வது சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். சுழன்றால் காலி இடம் புடைத்த பக்கத்துக்குப் போய்விடும், பஞ்சு தட்டையான பக்கத்தை அழுத்தும், கோணலுக்குக் கோணலே வழிகாட்டியாகும். ஹெல்மெட்டை உள்ளே எடுத்துப்போனார். சுவருக்கு அப்பால் அரவை இயந்திரச் சத்தம் கேட்டது. காதோரம் சீவி, ஒரு பக்கம் பஞ்சு ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தார். அத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். டைனோசர் அசையவில்லை. "இப்பம் சரி" என்று அனுமதி கொடுத்தார். ஆர்த்தோடிஸ்ட் அத்தையிடம் கை குலுக்கினார். தமக்கு அங்கே வேலை கிடைத்திருக்கும், விசாதான் இடம் கொடுக்கவில்லை என்பது அத்தையின் இன்றைய நிலைப்பாடு.

சந்தோஷம் நிலைப்பதற்குள் சித்தப்பா மகன் வாட்ஸப்பில் ஓர் ஆய்வை அனுப்பினான். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த நெதர்லாந்து ஆய்வு அது. 84 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஹெல்மெட் போட்டார்கள், மீதிப் பேரைச் சும்மா விட்டார்கள். இரண்டு வயதில் பார்த்தால், முழுக்கச் சரியானவர்கள் ஹெல்மெட் அணியில் 26 சதவீதம், சும்மா விட்ட அணியில் 23 சதவீதம். "காசை வேஸ்ட் பண்ணிட்டியேண்ணா" என்று கீழே ஓர் அழுமூஞ்சிப் பொம்மை.

என் மனைவி, மென்பொருள் நிறுவச் சொன்னால் அதன் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்கிற ரகம். ஆய்வையும் முழுக்கப் படித்தாள். "ரொம்ப மோசமான தலைகளை இதுல சேர்க்கவே இல்ல. கழுத்து இறுகின குழந்தைகளையும் சேர்க்கல. அதைவிட இதைப் பாருங்க. ஹெல்மெட் நகருது, சுத்துதுன்னு அங்கேயும் நிறையப் பேர் சொல்லியிருக்காங்க" என்றாள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும், நெதர்லாந்தில் முகம் தெரியாத சில பெற்றோர் எனக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டார்கள். 2016இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கை மாற்றிப் பார்த்தும் பிசியோதெரபி செய்தும் சரியாகாத, மிதமானது முதல் கடுமையானது வரையான கோணலுக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. இரண்டு தரப்புக்கும் ஆதாரம் உண்டு. சித்தப்பா மகனுக்குக் குழந்தை பிறக்கட்டும், பேசிக்கொள்ளலாம்.

ஹெல்மெட் போட்ட குழந்தை வீட்டில் இருப்பவர்களுக்கு என் வார்த்தை இதுதான். முதலில், மண்டையோட்டின் தையல்கள் முன்கூட்டியே மூடிக்கொண்டதால் வந்த கோணல் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அது வேறு நோய், வேறு சிகிச்சை. ஹெல்மெட்டுக்குள் காலி இடம் தெரிந்தால் பதற வேண்டாம். அது சுழன்றாலும், கண்ணை மறைத்தாலும், சிவப்பு ஒரு மணி நேரம் தாண்டி நின்றாலும் "எதற்கெடுத்தாலும் வந்துவிடுகிறார்கள்" என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படாமல் உடனே போங்கள். சரிசெய்து தருவது அவர்கள் வேலை, நீங்கள் கொடுத்த காசில் அதுவும் சேர்த்தி. பஞ்சை நீங்களே கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள்.

ஹெல்மெட் போட்ட குழந்தையைக் கடையிலோ கோயிலிலோ பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஐயோ, தலைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். டைனோசர் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தப் பெற்றோர் அன்றைக்கு உங்களுக்கு ஒரு காபியே வாங்கிக் கொடுப்பார்கள்.