முதற்பாலும் முந்திரிகையும்

எப்பேர்னே, பிரான்ஸ்
செப்டெம்பர்

அன்புள்ள பெரியக்கா,

நான் சுகம். நாரி மட்டும் சுகமில்லை.

பாரிஸில் கோப்பை கழுவுகிற வேலைக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு முந்திரிகைப்பழம் வெட்ட வந்திருக்கிறேன். என்னோடு அறையில் இருக்கிற புதுச்சேரித் தம்பிக்குச் சொன்னேன். "ரெண்டு கிலோ எடுத்துட்டு வாங்கண்ணே, நெய்யில வறுத்துப் பாயாசத்துல போடலாம்" என்றான். அவங்களுக்கு முந்திரி என்றால் எங்கட கஜு. திராட்சை என்று விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி முடிந்துபோனது.

கோண்டாவிலில் சித்தப்பாவின் பந்தல் ஞாபகமா? பழம் தலைக்கு மேலே தொங்கும், கழுத்துத்தான் நோகும். இங்கே கொடி என் நெஞ்சளவுதான், குலை முழங்காலடியில். விடிய எட்டு மணிக்குக் குனிந்தால் மத்தியானம்தான் நிமிரலாம், அதுவும் இரண்டு தவணையில். மெஷினால் வெட்டினால் என்ன என்று தோட்டக்கார மதாமைக் கேட்டேன். ஷாம்பெயினுக்குக் கையால்தான் வெட்ட வேணும், சட்டமாம். இங்கே பாதிக்கு மேல் கறுப்புப் பழம். குலை உடையாமல் போனால்தான் தோலின் நிறம் சாற்றில் பிடிக்காது.

அதைவிடப் புதினம், 4,000 கிலோ பழத்தில் 2,550 லீற்றர் சாறுதான் எடுக்கலாம். முதல் 2,050 லீற்றர் எங்கட முதற்பால் மாதிரி, மற்ற 500 இரண்டாம் பால். அதுக்கு மேல் பிழிந்தது ஷாம்பெயினில் சேராது. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பாதித் தேங்காயில் மூன்றாம் பாலும் எடுத்துவிட்டு, பூவை இன்னொருக்கா முறுக்கிப் பார்க்கிற மனிசி, வயிறெரிஞ்சு போவா.

எங்களோடு கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருத்தன். ஒருநாள் பத்து மணிக்கு வந்து நின்றுகொண்டு, பைபிளில் முந்திரிகைத் தோட்டத்துக்குக் கடைசியாக வந்தவனுக்கும் முழுக்கூலிதானே என்று மதாமுக்கு அரைகுறைப் பிரெஞ்சில் பிரசங்கம் வைத்தான். மதாம் பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலக் காசை வெட்டினா.

நேற்று வெட்டு முடிந்து விருந்து. போத்தல் உடைத்தார்கள். ருசி? சீனி போட மறந்த சோடா. இரண்டாம் கிளாஸில் பரவாயில்லை. மூன்றாவதைப் பற்றி எழுதவில்லை, கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவீங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வந்தால் சித்தாலேப பாம் நாலு போத்தல் குடுத்துவிடுங்கோ. பெரிசு. சின்னது இந்த நாரிக்குக் காணாது.

உங்கள் தம்பி