மியூனிக் போன வழி

விண்டோஸை விட்டு லினக்ஸுக்குத் தாவலாமா என்று கணக்குப் போடும் முதலாளிகள் ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியைக் கவனிக்கவும். 2003-இல் அங்கே அந்தப் பேச்சு எழுந்ததுமே மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயரைப் பார்க்க ஓடிவந்தார். விலையும் இறங்கியது. (நாம் லைசென்ஸ் விலை குறைக்கச் சொன்னால் போனையே எடுக்க மாட்டார்கள்.) நகரம் மசியவில்லை. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளை மாற்றி முடிக்க 2013 ஆயிற்று. 2016-இல் மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் அதே ஊருக்குக் குடிவந்தது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானம். தற்செயல்தான், வேறென்ன! 2020-இல் வந்த புதுக் கூட்டணியோ, முடிந்த இடத்திலெல்லாம் திறமூல மென்பொருளே என்றது. பழைய லினக்ஸ் சிடிக்களை யாரும் எடைக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.