யாரையும் கடிக்காமல் காவல் காப்பது எப்படி?

வாழ்த்துகள்! இங்கிலாந்தில் உங்கள் பகுதி ஹெல்த்வாட்ச் அமைப்பில் உங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் நிர்வாகக் குழுத் தலைவராக இருக்கலாம், வாரத்துக்கு ஒரு பிற்பகல் வந்துபோகும் தன்னார்வலராகவும் இருக்கலாம். கழுத்தில் அட்டை மாட்டியாயிற்று. இப்படி 150க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 2013 ஏப்ரலில் வேலையைத் தொடங்கின. மருத்துவமனை, ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர், பல் மருத்துவர், முதியோர் இல்லம், வீட்டுக்கே வந்து குளிப்பாட்டிவிடும் பராமரிப்பாளர் என அரசுப் பணத்தில் நடப்பவற்றைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதும், கேட்டதை உரியவர்களிடம் கொண்டுசேர்ப்பதும் உங்கள் கடமை.

கடமையைச் செய்தால் பலருக்குச் சங்கடம். செய்யாவிட்டால் உங்களுக்குச் சங்கடம். எவருக்கும் சங்கடம் வராமல் பதவிக்காலத்தை ஓட்ட, அனுபவசாலிகள் கையாளும் வழிகள் இதோ.

1. முதல் வருடம் முழுவதும் விதிகளை எழுதுங்கள்

எடுத்த எடுப்பில் நோயாளிகளிடம் போய்விடாதீர்கள். முதலில் குழுவுக்கு விதிமுறைகள் வேண்டும். அவற்றை எழுத ஒரு துணைக்குழு வேண்டும். துணைக்குழுவுக்கும் விதிமுறைகள் வேண்டும். கோரம் நான்கு பேரா ஐந்து பேரா, துணைத் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டா, போன கூட்டத்து மினிட்ஸை யார் முன்மொழிந்தார்கள் என்று கிளம்பினால் குளிர்காலம் போவதே தெரியாது.

இந்தக் கலையில் ஸ்டாஃபர்ட் நகரத்தை மிஞ்ச ஆளில்லை. அங்கிருந்த மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை, நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமலும் மாற்றாத படுக்கையிலும் கிடந்தார்கள். அதை ஊரறியச் செய்தவர் ஜூலி பெய்லி. தாயை அந்த மருத்துவமனையில் பறிகொடுத்தவர்; தம்முடைய சிற்றுண்டிக் கடையிலேயே மற்றக் குடும்பங்களைக் கூட்டிப் போராடியவர். இத்தனைக்கும் நோயாளிகளின் குரலாக இருக்க வேண்டுமென்று சட்டமே அமைத்த குழு ஒன்று அதே ஊரில் இருந்தது. அது என்ன செய்தது என்று ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வெளியிட்ட விசாரணை அறிக்கை சொல்கிறது: தங்களுக்குள் சண்டை போட்டார்கள், உருப்படியான வேலை ஒன்றும் நடக்கவில்லை. பின்னாளில் ஃபிரான்சிஸே ஹெல்த்வாட்ச் இங்கிலாந்தின் தலைவராகவும் இருந்தார். அவர் அறிக்கையை உங்கள் அலுவலக அலமாரியில் வையுங்கள். கனமான புத்தகம், அலமாரி ஆடாமல் இருக்கும்.

2. பேனா கொடுங்கள்

மக்களைச் சந்தித்தே ஆக வேண்டுமென்றால் சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு மேசை போடுங்கள். மேலே துண்டறிக்கை, பேனா, துணிப்பை. பேனா வாங்கியவர்களையெல்லாம் ‘நாங்கள் சென்றடைந்தோர்’ என்று கணக்கில் எழுதலாம். ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் வெளியிட வேண்டும். அப்போது இந்த எண்ணிக்கை கைகொடுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். யாராவது பேனாவை வாங்கிக்கொண்டு நகராமல் நின்று, “காலையில எட்டு மணிக்கு ஜிபிக்கு ஃபோன் போட்டா முப்பதாவது ஆள்னு சொல்லுது, நம்ம முறை வர்றதுக்குள்ள அன்னிக்கு அப்பாயின்ட்மென்ட் தீர்ந்துபோகுது” என்று ஆரம்பிப்பார். இன்னொரு பேனா கொடுங்கள்.

3. பக்கத்தில் இருப்பவர்களை எட்டாதவர்கள் ஆக்குங்கள்

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் உங்கள் அமைப்பு இருந்தால் தமிழ் முதியவர்களுக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கலாம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பேரப்பிள்ளைக்காகக் காத்திருப்பதைப் பார்க்கலாம். டாக்டரிடம் போகும்போது அதே பேரப்பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். பாட்டிக்கு எங்கே வலி என்று பன்னிரண்டு வயதுப் பையனிடம் எவ்வளவு சொல்ல முடியுமோ, அவ்வளவுதான் டாக்டரின் காதுக்குப் போகும்.

இவர்களைத் தேடி நீங்கள் பஸ் ஏற வேண்டாம். அறிக்கையில் ‘எளிதில் எட்ட முடியாத சமூகங்கள்’ என்று ஒரு தலைப்புப் போட்டால் போதும். பிறகு 40 கேள்விகளோடு ஒரு கருத்துக்கணிப்பை ஆங்கிலத்தில், இணையத்தில் மட்டும், பொடி எழுத்தில் வெளியிடுங்கள். பதில் வராவிட்டால் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று பொருள். பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் புரியும் வடிவத்தில் தகவல் தர வேண்டும் என்ற விதி 2016 முதல் மருத்துவமனைகளையும் பராமரிப்பு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. பார்வையற்றவருக்கு அச்சடித்த கடிதம் அனுப்பும் ஒரு மருத்துவமனையைப் பற்றிப் புகார் வந்தால், புகார்ப் படிவத்தை அவருக்குத் தபாலில் அனுப்பிவையுங்கள்.

4. உள்ளே போங்கள், பார்க்காதீர்கள்

சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கூரான ஆயுதம் இது. பயிற்சியும் குற்றப் பின்னணிச் சோதனையும் முடித்த பிரதிநிதி, வார்டுக்குள்ளோ முதியோர் இல்லத்துக்குள்ளோ போய் நேரில் பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டும் போகலாம், சொல்லாமலும் போகலாம். மதிப்பெண் போடும் வேலை, தரக் கண்காணிப்பு அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷனின் இன்ஸ்பெக்டர்களுடையது. நீங்கள் பார்க்க வேண்டியது அங்கே வாழ்பவர் கண்ணால்.

ஆகவே ஆறு வாரம் முன்பே கடிதம் போடுங்கள். பெயின்ட் காய நேரம் வேண்டும். போனதும் மேனேஜர் அறையில் உட்காருங்கள். தேநீர் வரும், கேக் வரும். பிறகு அவரே சுற்றிக் காட்டுவார். அப்போது கண்ணில் படக் கூடாதவை சில உண்டு: அழைப்பு மணியின் கயிறு படுத்திருப்பவர் கைக்கு எட்டுகிறதா, தண்ணீர்க் குவளை எட்டுகிறதா, காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா, சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா, ‘இன்றைய நிகழ்ச்சி’ப் பலகையில் இருப்பது போன வாரத்து பிங்கோவா. மறதிநோய் உள்ளவருக்கு வெளியே இருட்டியிருப்பது விடியலா மாலையா என்று சொல்ல அந்தக் கடிகாரத்தை விட்டால் ஆளில்லை. அதனால்தான் அதைப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

மாலை ஆறரைக்கே எல்லாரும் இரவு உடையில் இருந்தால், “எங்க ஆளுங்களுக்குச் சீக்கிரம் தூங்கப் பிடிக்கும்” என்பார் மேனேஜர். எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுவதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

5. சொன்னதைச் சொன்னபடி எழுதாதீர்கள்

ஒரு பாட்டி உங்களிடம் இப்படிச் சொல்வார்: “மணி அடிச்சா யாரும் வர்றதில்ல. ராத்திரி பாத்ரூம் போகணுமேன்னு மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்டேன்.” அப்படியே எழுதினால் படிப்பவர் அன்றிரவு தூங்க மாட்டார். எனவே: ‘அழைப்பு மணிக்கான பதில் நேரம் குறித்துக் குடியிருப்போரில் சிலர் கலவையான அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர்.’ பாட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை, ராத்திரியும் இல்லை.

பரிந்துரை எழுதுவதில் இன்னும் நுட்பம் வேண்டும். இன்னாருக்கு என்று அனுப்பிவிட்டால், 20 வேலை நாட்களுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும், விதி அப்படி. வம்பு எதற்கு? ‘அனைத்துத் தரப்பினரும் பரிசீலிக்கலாம்’ என்று முடியுங்கள். அனைத்துத் தரப்பினரும் என்ற பெயரில் எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது. 21ஆம் நாள் ஃபோன் செய்யும் அவசியமும் உங்களுக்கு வராது.

6. பெரிய மேசையில் சின்னக் குரலில் பேசுங்கள்

கவுன்சிலின் சுகாதார நல்வாழ்வு வாரியத்தில் உங்கள் அமைப்புக்குச் சட்டப்படி ஒரு நாற்காலி உண்டு. மற்ற நாற்காலிகளில் பணத்தை ஒதுக்குபவர்கள் இருப்பார்கள். பல் மருத்துவரே கிடைக்கவில்லை என்று ஊர் ஊராக ஹெல்த்வாட்ச் குழுக்கள் வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்தன. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு பல் மருத்துவமனை அரசுத் திட்டத்தில் நோயாளிகளைச் சேர்க்கிறது என்றதும் நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை கட்டினார்கள். போலீஸ் வர வேண்டியதாயிற்று. பல் வலிக்குப் போலீஸ் வரும் வரை பொறுக்கத் தெரிந்தவரே நல்ல வாரிய உறுப்பினர். அதுவரை, “முக்கியமான கருத்து, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் தலையாட்டுங்கள்.

7. படியளப்பவரை மறக்காதீர்கள்

உங்கள் அமைப்புக்கான பணம் மத்திய அரசிடமிருந்து கவுன்சிலுக்கு வருகிறது. கவுன்சில் ஒப்பந்தம் போட்டு உங்களுக்குத் தருகிறது. இதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்தப் பணத்துக்கு இல்லை. முதியோர் இல்லத்தில் இடம் வாங்குவதும், வீட்டுப் பராமரிப்புக்கு நேரம் ஒதுக்குவதும் அதே கவுன்சில்தான். நடக்க முடியாத ஒருவரை எழுப்பி, கழுவி, உடுத்தி, காலைச் சாப்பாடும் கொடுக்கப் பதினைந்து நிமிடம் போதுமா என்று கேட்கத் தோன்றும். ஒப்பந்தம் எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு தோன்றாது.

8. அந்த அம்மாவைச் சமாளிப்பது

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் ஒரே ஒரு ஆபத்து மிச்சமிருக்கும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற நர்ஸ். பை நிறையக் குறிப்பேடு. கேக்கைத் தொடாமல் கூடத்துக்குப் போய், ஜன்னலோரம் தனியாக இருப்பவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருப்பார்.

அவரிடம் இருப்பவை மூன்றே பழக்கங்கள். கேட்டதைச் சொன்னவரின் வார்த்தையிலேயே எழுதுவார். பக்கத்தில், இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று எழுதுவார். பிறகு காலண்டரில் 20 வேலை நாட்களை எண்ணி ஒரு வட்டம் போடுவார். நிர்வாகக் குழுவில் எட்டுப் பேர் ஒரு வருடத்தில் கட்டிய விதிமுறைக் கோட்டையை, “போன வருஷம் சொன்னோமே, அது என்னாச்சு?” என்ற ஒரு கேள்வியில் சாய்த்துவிடுவார்.

வெளியே அனுப்ப முடியாது. முடிவெடுப்பதில் பொதுமக்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பங்கு வேண்டும் என்று விதிமுறையே சொல்கிறது. எனவே பங்கு கொடுங்கள்: செய்திமடலின் அட்டை நிறத்தை அவர் முடிவு செய்யட்டும். ஜூன் முதல் வாரம் தன்னார்வலர் வாரம் வரும். மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்து, கைதட்டல் ஓய்வதற்குள் கூட்டத்தை முடித்துவிடுங்கள்.

9. பலகை மாறும், பதறாதீர்கள்

2025 ஜூலையில், நோயாளிப் பாதுகாப்பு அமைப்புகள் பற்றி பென்னி டாஷ் தலைமையில் நடந்த ஆய்வைத் தொடர்ந்து, ஹெல்த்வாட்ச்சைக் கலைக்கப்போவதாக அரசு அறிவித்தது. மருத்துவத்தைப் பற்றி மக்கள் சொல்வதைக் கேட்கும் வேலை, மருத்துவச் சேவைக்குப் பணம் ஒதுக்கும் வாரியங்களுக்குப் போகும். பராமரிப்பைப் பற்றியது, பராமரிப்பை வாங்கும் கவுன்சில்களுக்குப் போகும். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறார்கள் என்று சிலர் முணுமுணுப்பார்கள். அதற்கும் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தலாம்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. 1974இல் சமூகச் சுகாதார மன்றம் என்று பலகை மாட்டினார்கள். 2003இல் நோயாளர் மன்றம், 2008இல் லிங்க், 2013இல் ஹெல்த்வாட்ச். அடுத்த பலகையில் என்ன எழுதினாலும், மேலே சொன்ன எட்டு வழிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிராது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எந்தப் பலகை மாட்டினாலும் அந்த அம்மா முதல் கூட்டத்துக்குக் குறிப்பேட்டோடு வந்துவிடுவார். அவர் வருவதற்குள் ஒரு துணைக்குழுவைத் தயாராக வையுங்கள்.